சோதனையில் அகப்பட்ட பால்பல்

சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லைனில் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சோதனை விளையாட்டு. பின்னாளில் வேறு ஊர்களில் அதைப் பற்றிச் சொன்னபோது, இதென்ன விளையாட்டு என்று முகம் சுளித்தவர்களே அதிகம். கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஒரு பிள்ளை வாச்மேன். மற்றவர்கள் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்த ஆட்கள். வரிசையில் நிற்க வேண்டும். கைகளைத் தூக்க வேண்டும். தலைத்துணியை அவிழ்த்து உதற வேண்டும். கடைசியாக வாச்மேன் 'வாயைத் தொற' என்று அதட்டியதும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, விரலால் இரண்டு கன்னங்களையும் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்ட வேண்டும். ஒரு குன்றிமணிப் பொன்னும் வெளியே போய்விடக் கூடாதென்று பெரியவர்களுக்கு அன்றாடம் நடந்த சோதனையை, நாங்கள் கன்னத்தில் புளியங்கொட்டையை ஒளித்து வைத்துக்கொண்டு ஆடினோம். அகப்பட்ட பிள்ளையை எல்லோரும் சேர்ந்து லைனின் கடைசி வீடு வரை துரத்துவோம். அதுவும் பெரியவர்கள் உலகத்திலிருந்து கற்றதுதான். பொன்னோடு பிடிபட்டவருக்குச் சிறை. அவருடைய வீட்டாருக்கோ அன்று மாலைக்குள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு தங்கவயலை விட்டே வெளியேற்றம்.

இந்த ஆட்டத்தால் லைனிலிருந்த ஒவ்வொரு பிள்ளையின் வாயும் எங்களுக்கு மனப்பாடம். யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது, யாருக்கு ஈறு வீங்கியிருக்கிறது, யார் காலையில் பல் துலக்காமல் வந்திருக்கிறார் என்பதெல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அவற்றில் என் வாய் புகழ்பெற்றது. ஏழு வயதில் என் மேல்வரிசை முன்பற்களில் மூன்று, அடுப்பிலிருந்து எடுத்த கரித்துண்டுகளைப் போலக் கறுத்திருந்தன. "உன் வாயிலயே ஒரு சுரங்கம் கீதுடி" என்பாள் பக்கத்து வீட்டுச் சிறுமி. நான் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

சுரங்கம் தோண்டியது வெல்லம். அப்பாவுக்குப் பல மாதங்களாக ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து, வெந்நீரில் குளித்து, களி தின்றுவிட்டுப் படுப்பார். மூங்கில் தட்டியால் அடைத்து, மேலே தகரம் போட்ட வீடு எங்களுடையது. அடுத்த வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் விளக்கு ஆடும். அந்த வீட்டுக்குள் நானும் நான்கு வயதுத் தம்பியும் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். தூக்கம் கெட்ட ஆள் கீழே போய்க் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்பதை லைனில் ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருந்தாள். ஆகையால் அப்பா பாயில் சாய்ந்ததும் அம்மா எங்களிருவர் கன்னத்திலும் நெல்லிக்காயளவு வெல்லத்தைத் திணித்து, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டுவாள். அது கரைந்து தீர்ந்ததும் இன்னொன்று. அப்பா விழிக்கும்வரை எங்கள் வாய் இனித்துக்கொண்டே இருக்கும். பல் வலித்து நான் அழுத நாட்களில் அழுகையை அடக்கக் கிடைத்ததும் அதே வெல்லம்தான்.

அந்த வருஷம் எங்களோடு அம்மாவின் தம்பியும் இருந்தார். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து, அப்பாவின் வேலைக் கூட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தார். மெல்லிய மீசையும் பெரிய பேச்சும் உள்ளவர். ஊரில் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இன்னாத்துக்கு மாமா கடையில பொன்னு வாங்கணும்? நான் வெட்டற பாறையிலயே மின்னிக்கினு கீது. ஒரு தாலிக்கு எம்மாத்தம் வேணும், சொல்லு பாக்கலாம்?"

அப்பா கையிலிருந்த களியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"வெளையாட்டுக்குக்கூட அந்தப் பேச்சு வாணாம்டா."

"சும்மா சொன்னேன், மாமா."

"சும்மாவும் வாணாம். தட்டிக்கும் காது கீது."

தட்டிக்குக் காது இருப்பது எனக்குப் புதிய செய்தி. அன்று மாலை முழுவதும் நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மாமாவும் அப்பாவும் ஒரே ஷிப்ட். இருவருக்கும் ஒரே வெற்றிலைச் சுருக்குப் பை. வேலைக்குக் கிளம்புமுன் வெற்றிலையைத் துடைத்து, பாக்கை நறுக்கி, பையில் அடுக்கிக் கட்டுவது மாமாவின் வேலை. அதை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்குவது அப்பா. இந்தச் சிறு ஏற்பாட்டை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது.

இனி, தங்கப் பல். எங்கள் சுரங்கத்தின் மேலதிகாரியான வெள்ளைக்காரக் கேப்டனுக்கு மேல்வரிசையில் ஒரு தங்கப் பல் இருந்தது. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் யாரையாவது வையும்போது அது வெயிலில் பளிச்சிடும். அதை அவர் எங்கே பெற்றார் என்பதைப் பற்றிப் பிள்ளைகளாகிய நாங்கள் நீண்ட ஆராய்ச்சி நடத்தி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்தால் வெள்ளைப் பல் முளைக்கும்; அது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் எங்கள் ஊரில் வேறொரு வசதியும் உண்டு. பல்லைச் சுரங்கக் குழியான ஷாப்டுக்குள், ஆக ஆழமான லெவலில் போட்டுவிட்டால், அங்கே பாறைக்குள் இருக்கும் பொன் அதில் ஏறி, வாயில் தங்கப் பல்லாக முளைக்கும். கேப்டன் சிறுவயதில் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். இதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் ஒன்றுதான்: கீழே போகும் இரும்புக் கூண்டான கேஜில் பிள்ளைகளை ஏற்றுவதில்லை.

ஒரு மழைநாள் மாலையில், கறுத்த மூன்று பற்களில் நடுவிலிருந்தது முறுக்கைக் கடிக்கும்போது விழுந்தது. இரத்தத்தைத் துப்பிவிட்டு யாரிடமும் சொல்லாமல் அதை எடுத்துக் கழுவினேன். அம்மாவின் பழைய மஞ்சள் துணியில் ஓர் ஓரம் கிழித்து, அதில் பல்லை வைத்து, பொன் நன்றாகப் பிடிப்பதற்காகச் சிறிது சுண்ணாம்பும் தடவி, ஏழெட்டு முடிச்சுப் போட்டேன். மாமா பையைக் கட்டி வைத்துவிட்டுத் தலைத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். நான் பையின் கயிற்றை நெகிழ்த்தி, பாக்குக்கும் அடியில் அந்த முடிச்சைத் தள்ளி, மறுபடி இறுக்கிவிட்டேன். கீழே அப்பா பாக்கை எடுக்கும்போது அது தானாகத் தவறி விழுந்துவிடும் என்பது என் கணக்கு. மெழுகுவத்தி வெளிச்சத்தில், கைப்பழக்கத்தில் வெற்றிலை உருவுகிறவர்களுக்குப் பையின் அடிப்பாகம் தேவையே இல்லை என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை களி ஆறிப்போனது. அப்பா வரவில்லை, மாமாவும் வரவில்லை. அடுத்த வீட்டு ஆண்கள் குளித்துப் படுத்தும் விட்டார்கள். அம்மா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தபோது கூட்டத்து மேஸ்திரி வந்தார். எப்போதும் உரக்கப் பேசுகிறவர், அன்று கிசுகிசுத்தார்.

"ஏம்மா, உன் வூட்டுக்காரரை ஆபீஸாண்ட குந்த வெச்சிக்கிறாங்க."

"ஐயோ, இன்னாச்சு மேஸ்திரி? அடியா?"

"அடி பட்டிருந்தாக்கூடத் தேவலையே. கேட்டுல பையைக் கொட்டனாங்க. அடியிலேருந்து ஒரு முடிச்சு வுழுந்துச்சு. கல்லு மாதிரி கெட்டியா இன்னாவோ கீது."

"அவுரா? அவுரு அப்பிடிப்பட்ட ஆளா?"

"அதான் நானும் சொன்னேன். வாச்மேன் இது இன்னான்னு கேட்டாரு. இவுரு ஒரு தபா பின்னாடி நின்ன உன் தம்பியைத் திரும்பிப் பாத்தாரு. அப்புறம், என்னுதுதான்னு சொல்லிட்டாரு. அவரே ஒத்துக்கினா நான் இன்னாம்மா பண்றது?"

அம்மா தட்டியைப் பிடித்துக்கொண்டாள். அகப்பட்ட முடிச்சைக் கேப்டன் வரும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாதென்பது விதி. நடுவில் யாரும் எதையும் மாற்றிவிடாமலிருக்க. கேப்டன் வந்து அவிழ்த்ததும் போலீசுக்கு ஆள் போகும் என்றார் மேஸ்திரி.

நான் கேட்டேன்: "மேஸ்திரி மாமா, அது மஞ்ச துணியா?"

"ஆமா பாப்பா."

"அப்போ அது என் பல்லு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் உதட்டைத் தூக்கி இடைவெளியைக் காட்டினேன். அம்மா என் முதுகில் ஓர் அறை வைத்தாள். வைத்த கையாலேயே என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஏழு வயதுப் பெண்ணைச் சுமந்துகொண்டு, செருப்பில்லாத காலோடு, கல்குவியல்களுக்கு நடுவே அவள் ஓடியதை இன்றும் என் விலா எலும்புகள் நினைவில் வைத்திருக்கின்றன.

ஆபீஸ் வாசலில் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி மாமா நின்றிருந்தார். அப்பா எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேசைமேல் என் மஞ்சள் முடிச்சு இருந்தது. அதற்குக் காவலாக ஓர் ஆறடி மனிதர் கையில் தடியுடன் நின்றார். என் பல்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் மலைத்தேன்.

கேப்டன் வந்தார். அம்மா கைகூப்பிக்கொண்டு ஏதேதோ சொன்னாள். அவருக்குத் தமிழ் வேலை வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். அழுகைக்கு அது போதவில்லை. முடிச்சுகளை அவிழ்க்கப் பொறுமையின்றிப் பேனாக்கத்தியால் அறுத்தார். உள்ளிருந்து பாதி கறுத்து, பாதி வெளுத்து, சுண்ணாம்பும் பாக்குக் கறையும் ஏறிச் சிவந்த ஒரு துணுக்கு உருண்டு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல்லா, தாதுவா, வேறெதுவா என்று அவருக்கும் விளங்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து டிரெஸ்ஸரைக் கூட்டி வரச் சொன்னார்.

டிரெஸ்ஸர், காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் தமிழ்க் கிறிஸ்தவர். வெள்ளைக் கோட்டும் மூக்குக் கண்ணாடியும் உடையவர். துணுக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாயைத் தொற, பாப்பா."

இந்தச் சொல்லுக்காகத்தான் நான் அதுவரை காத்திருந்தவள் போலக் கைகளிரண்டையும் தூக்கினேன். பின்னலை அவிழ்த்து உதறினேன். வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி, வலது கன்னத்தை இழுத்துக் காட்டி, இடது கன்னத்தையும் இழுத்துக் காட்டினேன். தடி வைத்திருந்த மனிதர்தான் முதலில் சிரித்தார். டிரெஸ்ஸர் துணுக்கை என் இடைவெளிக்கு நேராகப் பிடித்து அளவு பார்த்து, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். தங்கப் பல் மிக அருகில் மின்னியது.

"எந்த ஷாப்டுல போட்டீங்க?" என்று கேட்டேன்.

டிரெஸ்ஸர் அதை மொழிபெயர்க்கவில்லை. பல் எப்படிப் பைக்குள் வந்தது என்பதை மட்டும் என்னிடம் கேட்டறிந்து சொன்னார். கேப்டன் கையை வீசி, எல்லோரும் போகலாம் என்றார். அப்பா எழுந்தார். அவரும் மாமாவும் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். பெரியவர்களுக்குச் சில வேடிக்கைகள் புரிவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டிரெஸ்ஸர் எங்களை விடவில்லை. வெளியே வெயிலில் நிறுத்தி என் வாயை மறுபடி பார்த்தார்.

"இன்னாம்மா இது? இது வாயா, வெல்ல மண்டியா? இன்னும் நாலு பல்லு சொத்தை. ஈறுல சீழ் கோத்துக்கினு கீது. வலிக்கலியா இதுக்கு?"

"பூச்சி துன்னுட்டுச்சுங்க ஐயா. எப்பிடியும் வுழற பல்லுதானேன்னு வுட்டுட்டேன்."

"பூச்சியும் இல்ல, பொட்டும் இல்ல. நீ தினம் அதக்கி வெக்கிற இனிப்பு துன்னுக்கினு கீது. வுழற பல்லுன்னா வலிக்காம வுழுமா? இதுங்கதான் அடியில வர்ற பல்லுக்கு எடம் புடிச்சு வெக்கிறது. இது முன்னாடியே அழுகிக் கொட்டிப்போச்சுன்னா அது கோணலா வரும்."

அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஆசைக்காவா குடுக்கறேன் ஐயா? தட்டி வூடு. அவுரு பகல்ல தூங்கணும். இதுங்க வாயைத் தொறந்தா அவுரு கண்ணைத் தொறந்துடுவாரு."

டிரெஸ்ஸர் குரலைத் தணித்துச் சொன்னார். வெல்லத்தைச் சாப்பாட்டோடு கொடுத்துவிட்டு உடனே கொப்பளிக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் ஒதுக்கிக்கொண்டு தூங்க விடக் கூடாது. காலையில் மட்டும் அல்ல, ராத்திரி படுக்குமுன்னும் துலக்க வேண்டும். சின்னவனுக்கு அம்மாவே விரலால் தேய்த்துவிட வேண்டும். பொன்னைப் பிரித்தெடுத்தபின் மில்லில் கொட்டும் அரைத்த பாறை மணலால் பல் தேய்க்கும் வழக்கம் எங்கள் லைனில் இருந்தது; பளபளக்கும் என்று நம்பிக்கை. அதைத் தொடவே கூடாது, பல்லையே அறுத்துவிடும் என்றார். ஈறு வீக்கம் வடியும்வரை உப்புப் போட்ட வெந்நீரால் கொப்பளிக்க வேண்டும். மறுபடி வீங்கினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரவேண்டும்.

வீடு திரும்பும்போது அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பாதி வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வுழும்போது வலிச்சுதா?"

"இல்ல நைனா."

அவ்வளவுதான்.

அன்று சாப்பாட்டின்போது எனக்குள் ஒரு பெரிய கண்டுபிடிப்பு உதித்தது. முடிச்சு அவிழ்க்கப்படுவதற்கு முன்பே அல்லவா அப்பா 'என்னுதுதான்' என்று சொல்லியிருக்கிறார்! ஏழு முடிச்சுக்குள், சுண்ணாம்புக்குள் இருந்தும், தன் மகளின் பல் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அதை உரக்க அறிவித்தேன்.

"பிரிச்சுப் பாக்காமயே என் பல்லுன்னு கண்டுபுடிச்சுட்டே, இல்ல நைனா?"

களி கிண்டிய கோலோடு அம்மாவின் கை அப்படியே நின்றது. மாமா தட்டை விட்டு எழுந்து வெளியே போனார். வெகுநேரம் கை கழுவும் சத்தம் கேட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

லைன் முழுவதும் ஓடி அதைச் சொன்னேன். பல நாள் சொன்னேன். வேறு எந்தப் பிள்ளையின் தகப்பனாருக்கும் அப்படிப்பட்ட விரல்கள் இல்லை.

அதன்பின் வீட்டில் சில மாறுதல்கள் நடந்தன. வெல்லம் உறிக்கு ஏறிவிட்டது. காலையில் ஷிப்ட் முடித்து வந்த களைப்போடு மாமா எங்களிருவரையும் அழைத்துக்கொண்டு பாலகாட் சுரங்கத்துக்குப் போகும் பாதையில் ஒரு புங்கமரத்தடிக்குப் போய்விடுவார். அப்பா தூங்கி முடிக்கும்வரை மாமா அங்கே உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்துகொண்டு எங்களைக் காவல் காப்பார். மாலையில் வேலைக்குக் கிளம்புமுன் அப்பா வாசலில் குந்திக்கொண்டு, நாங்கள் உப்பும் கரித்தூளும் வைத்துத் துலக்கிய வாயைச் சோதிப்பார். "வாயைத் தொற" என்பார் மெதுவாக. நாக்கைத் தூக்குவோம், கன்னத்தை இழுப்போம். ஒரு பருக்கை அகப்பட்டாலும் மறுபடி கொப்பளிக்க வேண்டும். இடம் மாற்றிக்கொண்டு அவருடைய வாயை நாங்கள் சோதிக்கிறோம் என்று கேட்டால் மட்டும், "எனக்கு அங்க பாப்பாங்க" என்று எழுந்துவிடுவார்.

மாமா தாலிப் பேச்சை அதோடு விட்டார். அடுத்த வருஷம் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் மஞ்சள் கயிறு வாங்கி, அதில் மஞ்சள் கிழங்கைக் கோத்துத் தாலி கட்டினார். இன்னொரு வழக்கத்தையும் அவர் ஏற்படுத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் யாருக்குப் பல் விழுந்தாலும், அதைக் கூரைமேல் எறிவது அவர்தான். எறியுமுன் துணியை அவிழ்த்து, பல்லை எடுத்து, சுற்றி நிற்கும் எல்லோருக்கும் ஒருமுறை காட்டுவார். "பாத்துக்கினீங்களா? பல்லுதானே?" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

எனக்குத் திருமணமாகி, என் மகனுக்கு முதல் பல் விழுந்த நாளில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார், மீசை நரைத்திருந்தது. அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகன் பல்லை என் புடவைக் கிழிசலில் முடிந்து என் கையில் வைத்துவிட்டு ஓடினான். பழைய பெருமை நினைவுக்கு வர, நான் கண்களை மூடிக்கொண்டு அதை விரல்களால் அழுத்திப் பார்த்தேன். சிறியதாக, கெட்டியாக ஏதோ இருந்தது. பல்லா, கல்லா, பொன்னா? என் மகனின் பல் என்று அறிந்தே வைத்திருந்தும், என் விரல்களுக்குத் தெரியவில்லை. யாருடைய விரல்களுக்கும் தெரிந்திருக்காது.

கேட்டில் அப்பா திரும்பிப் பார்த்தது யாரை, எதை நினைத்து அது தன்னுடையதென்று சொன்னார், மாமா ஏன் தட்டை விட்டு எழுந்தார் என்பதெல்லாம், அந்த முடிச்சைப் பிடித்தபடி நின்றபோதுதான் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மைத்துனனின் திருட்டு என்று நம்பி, சிறைக்குத் தாம் போக நீட்டிய கைகள் அப்பாவுடையவை. அந்தக் கைகளால்தான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, வலித்ததா என்று கேட்டார்.

முற்றத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"இன்னா பாப்பா, பல்லு எங்க? கொண்டா."

நான் போய் அவர் முன்னால் நின்று முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே இருந்ததை அவருக்குக் காட்டிவிட்டு, பிறகுதான் அவர் கையில் வைத்தேன். அந்த ஒருமுறை அவர் யாரையும் எதுவும் கேட்காமல் எறிந்தார்.